முட்டியிட்டுத் துணி பரப்புகிறவர்களுக்கு

முட்டி வலி என்று திருப்பூரில் என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பெண்களிடம், வீட்டில் எந்தெந்த வேலையைத் தரையில் உட்கார்ந்து செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். சின்ன வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது என்று பட்டியல் வரும். சில வருடங்களாக அதில் குவில்ட்டும், அதாவது சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பதும், சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போனபின் தையல் மெஷினைத் தூசி தட்டியவர்கள், பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்து நின்றுவிட்டவர்கள், பேரக்குழந்தைக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஆசைப்பட்டவர்கள். தைக்கும்போது இவர்களுக்கு முட்டி அவ்வளவாக வலிப்பதில்லை. தைப்பதற்கு முந்தைய வேலைதான் ஆளைச் சாய்க்கிறது.

எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்று முடிவுசெய்ய, ஹாலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, டைல்ஸ் தரையில் முட்டியிட்டு, ஒரு கையை ஊன்றி மறு கையால் துண்டுகளை அடுக்குகிறார்கள். முட்டி முழுவதும் மடங்கும்போது முட்டிச்சில்லு தொடையெலும்பின் மேல் பலமாக அழுந்தும். அங்கே குருத்தெலும்பு ஏற்கெனவே தேயத் தொடங்கியிருந்தால் அந்த அழுத்தம்தான் மறுநாள் காலை படியிறங்கும்போது குத்தலாக வெளிப்படும். கழுத்தின் கதை தனி. தலை 4 முதல் 5 கிலோ எடை உள்ளது. குனிந்திருக்கும் நேரமெல்லாம் பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது அடுத்து நடப்பது. அடுக்கியது மொத்தமாக எப்படி இருக்கிறது என்று பார்க்க பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறுகிறார்கள். வழவழப்பான தரை, லேசான நாற்காலி, ஏறுகிறவருக்கு அறுபதை நெருங்கும் வயது. மாவுக்கட்டு பிரித்த மணிக்கட்டோடு என்னிடம் வருகிறவர்களில் இப்படி நாற்காலியிலிருந்து விழுந்தவர்களும் உண்டு.

இத்தனை பாடுபட்டும் தரையில் பரப்பியது சரியாகத் தெரிவதில்லை. காலடியில் இருக்கும் துண்டு பெரிதாகவும் எதிர்க்கோடியில் இருப்பது சிறிதாகவும்தான் தெரியும். குவில்ட் தைக்கிறவர்கள் டிசைன் வால் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். சுவரில் சொரசொரப்பான துணி ஒன்றைக் கட்டி, வெட்டிய துண்டுகளை அதில் ஒட்டி, ஆறேழு அடி தள்ளி நின்று பார்ப்பது. பசை, ஊசி எதுவும் இல்லாமலே பருத்தித் துண்டு அந்தத் துணியின் பஞ்சில் பிடித்துக்கொள்ளும். அயல்நாட்டுக் குறிப்புகளில் இதற்கு ஃபிளானல் துணி என்று போட்டிருக்கும். நம் ஊரில் அதைத் தேடி அலைய வேண்டாம்.

குவில்ட் தைக்கத் திருப்பூர்த் துணி அவ்வளவு ஏற்றதல்ல; பின்னலாடைத் துண்டு இழுபடும். சென்னிமலை, கரூர்ப் பக்கத்து நெசவுப் பருத்தித் துணிதான் வெட்டிய அளவில் நிற்கும். ஆனால் சுவருக்குத் திருப்பூர்த் துணியை மிஞ்ச ஆளில்லை. குளிர்காலச் சட்டைக்காக ஓட்டும் ஃபிளீஸ் துணியின் உட்புறத்தைக் கம்பி முனை வைத்த உருளைகளில் ஓட்டிப் பஞ்சு எழுப்பியிருப்பார்கள். அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி தொங்கவிட்டால் போதும். திருப்பூர்க் காதர்பேட்டைத் துணிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிலோ கணக்கில் வாங்கும்போது 280 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 280 கிராம்) துணியில் 2 மீட்டர் நீளமும் ஒன்றேமுக்கால் மீட்டர் அகலமும் கொண்ட துண்டு ஏறக்குறைய 1 கிலோதான் வரும். வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் நிறமாகப் பாருங்கள். அச்சுப் போட்டது வேண்டாம். கையோடு ஒரு பருத்தித் துண்டைக் கொண்டுபோய், ஃபிளீஸின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, துணியைத் தூக்கி உதறுங்கள். துண்டு விழவில்லை என்றால் வாங்கலாம். பின்னல் துணி தன் எடையிலேயே கொஞ்சம் நீளும் என்பதால் ஓரிரு நாள் கொடியில் தொங்கவிட்டுப் பிறகு பொருத்துவது நல்லது.

அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. போர்வை 60 அங்குல அகலம் என்றால் சுவரும் 60 அங்குலம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 2 அங்குலக் கட்டம் வேண்டுமானால் நாலா பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு இரண்டரை அங்குலமாகத்தான் வெட்டுவோம். அப்படி 30 கட்டங்களைச் சுவரில் வரிசையாக வைத்தால் 75 அங்குலம் ஆகிவிடும். தைத்து முடிக்கும்போதுதான் அது அறுபதுக்கு வரும். துண்டு சிறியதாக ஆக ஆக இந்த வித்தியாசம் கூடும்.

இனி என் தொழில் பேசும் இடம். சுவரில் துணி கட்டியவர்களில் சிலர் முட்டி வலி குறைந்து தோள் வலியோடு திரும்பி வருகிறார்கள். காரணம் உயரம். கை தோள் மட்டத்துக்கு மேலே போகப் போக, தோளின் மேலெலும்புக்கும் கையெலும்பின் தலைக்கும் இடையே இருக்கும் குறுகிய இடத்தில் தசைநாண்கள் நெரிபடும். ஒரு தடவை எட்டி வைப்பதால் ஒன்றும் ஆகாது. அண்ணாந்தபடி, கையைத் தூக்கியபடி, இந்த நிறமா அந்த நிறமா என்று யோசித்துக்கொண்டு நிற்பதுதான் கெடுதல். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

5 அடி உயரமுள்ள ஒருவருக்கு இடுப்பிலிருந்து கண்மட்டம் வரையான பகுதி, அதாவது தரையிலிருந்து சுமார் 3 அடி முதல் நாலரை அடி வரை, வேலைக்கு வசதியானது. ஏழரை அடி நீளப் போர்வை அதற்குள் அடங்காது. அதனால் ஆளுக்கு ஏற்றபடி துணி நகர வேண்டும். பால்கனியில் கயிற்றை இழுத்தால் மேலே போகும் துணி உலர்த்தும் கம்பி இருக்கிறதல்லவா, அதில் ஒன்றைத் தையல் அறைச் சுவரை ஒட்டிக் கூரையில் மாட்டச் சொல்கிறேன். ஃபிளீஸின் மேல் ஓரத்தை அந்தக் கம்பியில் கோத்துவிட வேண்டும். கீழ் ஓரத்தை மடித்துத் தைத்து ஒரு பிவிசி குழாயைச் செருகினால் துணி சுருங்காமல் நேராக நிற்கும். கம்பியை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கி, மிச்சத் துணியைக் குழாயில் சுருட்டிக் கீழே விட்டு, மேல் வரிசையிலிருந்து அடுக்கத் தொடங்குங்கள். ஒரு வரிசை முடிந்ததும் கொஞ்சம் மேலே இழுத்தால் அடுத்த வரிசையும் அதே நெஞ்சு மட்டத்தில்தான் வரும். முழுதும் முடிந்ததும் உச்சிவரை ஏற்றிவிட்டு, தள்ளி நின்று பார்க்கலாம். செல்போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால், நிறத்தில் மயங்காமல் எது அடர்த்தி எது வெளிர் என்பது தெரிந்துவிடும்.

தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே, உட்கார்ந்தபடி எட்டும் தூரத்தில் வைக்கட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். நாலு எட்டு நடந்து போகும்படி எதிர்ச் சுவரில் இருக்கட்டும். மணிக்கணக்கில் குந்தியிருக்கும் முதுகுக்கு அந்த நடை மருந்து.

தனி அறை இல்லை, சுவரெல்லாம் அலமாரி என்கிறவர்களுக்கு இரும்பு பீரோ இருக்கிறது. ஃபிளீஸை அதன் கதவில் விரித்து நாலு மூலையிலும் காந்தம் வைத்தால் குழந்தைப் போர்வைக்கான சுவர் தயார். மாமியார் பீரோவைத் திறக்க வரும் நேரத்தை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் தெர்மாகோல் பலகையில் துணி சுற்றிச் சுவரில் ஆணியடிக்கிறார்கள். குண்டூசி குத்த வசதியானதுதான். ஆனால் தெர்மாகோல் 100 டிகிரி வாக்கில் இளகிவிடும், தீயும் சட்டென்று பற்றும். இஸ்திரி மேசையை அதற்கு அருகில் போடாதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறும் சுவரில் பிளைவுட்டைச் சேர்த்து அடித்தால் கரையான் வரும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் வரும் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்பார்கள். 2 அங்குலத் துண்டு எம்மாத்திரம்! மேற்கு ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது அந்த மாதங்களில் குண்டூசி குத்துங்கள். குத்தினால் எண்ணிக் குத்துங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள், கடைசியில் ஒரு காந்தத்தால் தரையைத் துழாவுங்கள். நம் வீடுகளில் செருப்பில்லாமல்தான் நடக்கிறோம். பல வருடச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஊசி ஏறியதே தெரியாது. புண் பெரிதாகிச் சீழ் வைத்த பிறகுதான் கவனிப்பார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் குண்டூசியே வேண்டாம். ஜன்னலைச் சாத்தி விசிறியை நிறுத்துங்கள்.

குவில்ட்டின் மேல்துணி, நடுவில் வைக்கும் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து இழையோடும் வேலையைச் சுவரில் செய்ய முடியாது. அதற்கும் தரைக்குப் போகாதீர்கள். சாப்பாட்டு மேசையில் விரித்து, விளிம்பைக் கிளிப்பால் கவ்வி, பகுதி பகுதியாக நகர்த்திச் செய்யலாம். மேசை தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

"இதெல்லாம் செய்தால் முட்டி வலி போய்விடுங்களா?" என்று பல்லடத்திலிருந்து வரும் ஓர் அம்மா கேட்டார். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராதுங்க, அதன்மேல் அழுத்தம் குறையும், தொடைத் தசைக்கு நான் சொன்ன பயிற்சியையும் செய்தால் நடமாட்டம் எளிதாகும் என்றேன். முட்டி வீங்கினாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ, தோள் வலி இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, சுவரை மாற்றிக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.