டமார் ஹாம்லினின் இதயத்தை நிறுத்திய 20 மில்லிநொடி

2023 ஜனவரி 2, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பஃபலோ பில்ஸ் அணிக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம். முதல் கால்பகுதியே இன்னும் முடியவில்லை. பெங்கால்ஸ் வீரர் டீ ஹிக்கின்ஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். அவரை மறிக்கப் போனவர் 24 வயது டமார் ஹாம்லின். ஹிக்கின்ஸின் தோள் ஹாம்லினின் மார்பில் இடிக்கிறது. இருவரும் தரையில் உருள்கிறார்கள். ஹாம்லின் எழுந்து நிற்கிறார். ஓரிரு அடி எடுத்து வைக்கிறார். அப்புறம் அப்படியே மல்லாந்து சாய்கிறார்.

அவர் எழுந்து நின்றார் என்பதைக் கவனியுங்கள். நடந்தது என்ன என்பதற்கான துப்பு அதில்தான் இருக்கிறது. தலையில் பலத்த அடி என்றால் பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே கிடந்திருப்பார். இங்கே மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு ரத்தம் போவதுதான் நின்றுவிட்டது. ரத்தம் நின்ற பிறகும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் சில நொடிகள் தாங்கும். அந்தச் சில நொடிகளில்தான் அவர் எழுந்தார். தன் இதயம் வேலை செய்யவில்லை என்பது அவருக்கே தெரியாது.

ஹாம்லின் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய மெக்கீஸ் ராக்ஸ் என்ற சிற்றூர்க்காரர். வெளியூர்ப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டும் போகாமல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலேயே விளையாடினார். 2021இல் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 212ஆவது ஆளாகத்தான் அவரை பில்ஸ் எடுத்தது. பெரிய எதிர்பார்ப்பு இல்லாத இடம் அது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அணியின் மூத்த தடுப்பாட்டக்காரர் மைக்கா ஹைடுக்குக் கழுத்தில் அடிபட, அவர் இடத்துக்கு ஹாம்லின் வந்தார். அந்த ஒரே பருவத்தில் 91 முறை எதிராளியை மறித்து வீழ்த்தியதில் அவருக்குப் பங்கு உண்டு.

அவர் ஆடும் இடத்துக்கு 'சேஃப்டி' என்று பெயர். தடுப்பு வரிசையின் கடைசி ஆள். முன்னால் இருப்பவர்கள் எல்லாரையும் தாண்டி ஒருவன் பந்தோடு வந்துவிட்டால், அவனை நிறுத்த வேண்டியவர் இவர்தான். ஓடி வருபவனை எதிர்கொண்டு ஓடிப்போய் இடிப்பது அவருக்கு அன்றாட வேலை. 91 முறை ஒன்றும் ஆகாத மார்புக்கு அந்த ஒருமுறை மட்டும் என்ன ஆனது? அந்த இடி அப்படி ஒன்றும் அசுர இடியும் இல்லை. அதைவிடப் பலமான மோதல்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடக்கின்றன.

இதற்கு விடை காண இதயத்தின் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். இதயத்தின் மேல்பகுதியில் சைனஸ் கணு என்ற சிறிய திசுத் திட்டு இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முதல் பொறி அங்கிருந்து கிளம்புகிறது. தீபாவளிக்குச் சரவெடி கொளுத்தினால் ஒரு முனையில் பற்றிய நெருப்பு அடுத்த முனைவரை ஓடுமே, அதுபோல இந்தப் பொறி செல்லுக்குச் செல் தாவி இதயம் முழுவதும் பரவுகிறது. பரவும் வழியெல்லாம் தசை சுருங்குகிறது. சரவெடியில் வெடித்த வெடி திரும்ப வெடிக்காது. இதயச் செல்லும் ஒருமுறை சுருங்கிய கையோடு மறுபடி பற்றிக்கொள்ளாது. அதனால்தான் அலை பின்பக்கம் திரும்பாமல் முன்னே மட்டும் போகிறது. ஆனால் இந்தச் சரம் சிறிது நேரத்தில் தானே புதிதாகிவிடும். அடுத்த பொறிக்குத் தயாராகிவிடும்.

சிக்கல் அந்தப் புதிதாகும் நேரத்தில் இருக்கிறது. எல்லாச் செல்லும் ஒரே கணத்தில் தயாராவதில்லை. சில முந்திக்கொள்ளும், சில பிந்தும். இ.சி.ஜி. தாளில் உயரமான கூர்முனைக்கு அடுத்து சின்ன மேடு ஒன்று வருமே, அதற்கு டி அலை என்று பெயர். செல்கள் தயாராகிக்கொண்டிருக்கும் கட்டத்தைத்தான் அந்த மேடு காட்டுகிறது. மேட்டின் உச்சிக்குச் சற்று முன்பு இதயத் தசையில் ஆயத்தமான செல்லும் ஆயத்தமாகாத செல்லும் கலந்து கிடக்கின்றன. அந்தச் சமயத்தில் எங்கிருந்தோ ஒரு பொறி விழுந்தால், அது நேர்வழியில் போகாது. தயாராகாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும், சுற்றி வருவதற்குள் முதல் இடம் தயாராகியிருக்கும், அதற்குள் மறுபடி நுழையும். சுழல் சுழலாக உடைந்து இதயம் முழுவதும் பரவிவிடும்.

வெளியிலிருந்து வரும் அடி எப்படிப் பொறியாகும் என்று கேட்கலாம். மார்பில் இதயத்துக்கு நேராக அடி விழும்போது இடது கீழறைக்குள் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. செல்களின் சவ்வு இழுபடுகிறது. அந்தச் சவ்வில் இழுத்தால் திறந்துகொள்ளும் நுண்ணிய வாசல்கள் உண்டு. அவற்றின் வழியே அயனிகள் பாய, சைனஸ் கணு கேட்காத ஒரு மின்துடிப்பு அங்கே பிறக்கிறது. இப்படி அடியால் இதயம் தடம்புரள்வதற்கு மருத்துவத்தில் 'கம்மோஷியோ கார்டிஸ்' என்று பெயர். லத்தீனில் இதயக் கலக்கம் என்று பொருள். எலும்பு முறியாது, இதயம் கிழியாது, ரத்தக்கட்டும் இருக்காது. பிரேதப் பரிசோதனை செய்தாலும் இதயம் நல்ல இதயமாகவே தெரியும்.

வெகுகாலம் இது மர்மமாகவே இருந்தது. பேஸ்பால் பந்து மார்பில் பட்டு நல்ல திடமான சிறுவர்கள் சுருண்டு விழுந்து இறந்தார்கள், காரணம் பிடிபடவில்லை. பாஸ்டனில் மார்க் லிங்க் என்ற இதய மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்திப் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்த பன்றிக்குட்டிகளின் மார்பில், பேஸ்பால் எடையுள்ள மரப் பொருளை மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் செலுத்தினார்கள். இதயத் துடிப்பின் எந்தக் கட்டத்தில் அடி விழ வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். 1998இல் முடிவு வெளியானது. டி அலையின் உச்சிக்கு 15 முதல் 30 மில்லிநொடிக்கு முன்னால் விழுந்த 10 அடிகளில் 9 இதயத்தைத் தடம்புரளச் செய்தன. அதே அடி வேறு கட்டத்தில் விழுந்தபோது அப்படி ஆகவில்லை. அடுத்தடுத்த சோதனைகளில் மணிக்கு 64 கி.மீ. வேகம்தான் மிக ஆபத்தானது என்றும், கெட்டிப் பந்தைவிட மென்மையான பந்தில் ஆபத்து குறைவு என்றும் தெரிந்தது.

இந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். கண்ணிமைக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று இலக்கண வகுப்பில் படித்திருப்போம். ஒருமுறை கண்ணிமைக்கவே 100 மில்லிநொடிக்கு மேல் ஆகும். இங்கே நாம் பேசுவது அதில் ஐந்தில் ஒரு பங்கு, தோராயமாக 20 மில்லிநொடி. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 1000 மில்லிநொடி. கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் அந்த நேரத்தில் விழ 50இல் ஒரு வாய்ப்பு. ஓடி ஓடி நாடி 180க்கு ஏறியிருந்தால், வெறும் கணக்குப்படி 17இல் ஒன்று. அதோடு அடி இதயத்துக்கு நேர்மேலே விழ வேண்டும், வேகமும் பொருந்தி வர வேண்டும். வளர்ந்தவர்களின் விலாக்கூடு விறைப்பானது, அடியின் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். சிறுவர்களின் விலா வளைந்துகொடுக்கும், அதனால்தான் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பதின்வயதுப் பையன்கள். இத்தனையும் சேர்ந்து அமைவது மிக மிக அரிது. ஹாம்லினுக்கு அமைந்துவிட்டது.

தடம்புரண்ட இதயம் நின்றுவிட்டது என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது நிற்பதில்லை. தேர்வடத்தைப் பிடித்த ஆயிரம் பேரும் ஒரே குரலுக்கு இழுத்தால் தேர் நகரும். அவரவர் நினைத்த நேரத்தில் நினைத்த பக்கம் இழுத்தால்? வியர்வை கொட்டும், தேர் அசையாது. 'வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்' என்ற நிலை இதுதான். இதயத் தசை புழுப்போல நெளிந்துகொண்டிருக்கும், ஒரு சொட்டு ரத்தமும் வெளியே போகாது.

இதைச் சரிசெய்ய டிஃபிப்ரிலேட்டர் கொடுக்கும் மின்னதிர்ச்சி இதயத்தை ஓட்டிவிடுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். சினிமாவில் நேர்கோடு ஓடும் திரையைப் பார்த்துவிட்டு ஷாக் கொடுப்பார்கள். நிஜத்தில் நேர்கோட்டுக்கு அது பயன்படாது. கூச்சலிடும் கூட்டத்தை ஒரே அதட்டலில் அமைதியாக்குவதுதான் அதன் வேலை. எல்லாச் செல்லையும் ஒரே நேரத்தில் சுருங்க வைத்து, குழப்பத்தைத் துடைத்து, ஒரு கணம் நிறுத்துகிறது. அந்த அமைதியில் சைனஸ் கணு தன் பொறியை மறுபடி அனுப்புகிறது.

ஆனால் கருவி வரும்வரை மூளை காத்திருக்காது. மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் சி.பி.ஆர். முதலுதவி இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை அரித்துவிடும். அன்று மைதானத்தில் ஹாம்லினின் மார்பை அழுத்தியவர் பில்ஸ் அணியின் உதவி உடற்பயிற்சி மருத்துவப் பணியாளர் டென்னி கெல்லிங்டன். இரு உள்ளங்கையையும் நெஞ்சின் நடுவில் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தமும் கொஞ்சம் ரத்தத்தை மூளைக்குத் தள்ளும். சக வீரர்கள் கேமரா கண்ணில் படாதபடி வட்டமாகச் சூழ்ந்து நின்றார்கள். பலர் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த வட்டத்துக்குள் கெல்லிங்டனின் கை நிற்கவில்லை. மின்னதிர்ச்சியும் கொடுக்கப்பட்டு, மைதானத்திலேயே நாடி திரும்பியது.

இதை அதிசயம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. என்.எஃப்.எல்.இல் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்க 60 நிமிடம் இருக்கும்போது இரு அணிகளின் மருத்துவக் குழுவும் நடுவரும் கூடி, அவசரம் வந்தால் யார் எதைச் செய்வது, ஆம்புலன்ஸ் எங்கே, எந்த மருத்துவமனை என்று பேசிவைப்பது வழக்கம். அன்றும் பேசியிருந்தார்கள். அவரை அந்த ஒத்திகைதான் காப்பாற்றியது.

இரண்டு நாளுக்கு மேல் கழித்து மருத்துவமனையில் கண் விழித்த ஹாம்லினுக்குத் தொண்டையில் குழாய், பேச முடியாது. எழுதிக் கேட்டார்: ஜெயித்தோமா? ஆட்டம் பாதியிலேயே நிறுத்தப்பட்டது அவருக்குத் தெரியாது. வாழ்க்கை என்ற ஆட்டத்தில் நீ ஜெயித்துவிட்டாய் என்று மருத்துவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி பெரிய நிம்மதி. ஆட்டம் நினைவிருக்கிறது, எழுத வருகிறது, மூளை பிழைத்திருக்கிறது.

அதற்குள் சமூக ஊடகங்களில் கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்ற வதந்தி பரவியிருந்தது. மார்பில் அடி விழுந்து, சில நொடியில் சாய்ந்ததை உலகமே பார்த்திருக்கிறது. கம்மோஷியோ கார்டிஸ் நடக்கும் முறையும் அதுவேதான். தடுப்பூசி வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1998இல், கிறிஸ் புரோங்கர் என்ற ஐஸ் ஹாக்கி வீரர் மார்பில் அந்த ஆட்டத்தின் ரப்பர் வட்டு பட்டு இதேபோல எழுந்து, இரண்டடி சறுக்கி, விழுந்தார். அவரும் தடுப்பாட்டக்காரர்தான். பிழைத்து, பல ஆண்டுகள் ஆடினார்.

புரோங்கர் திரும்பி ஆட முடிந்ததற்கும் ஹாம்லின் திரும்பி ஆட முடிந்ததற்கும் காரணம் ஒன்றே: அடிக்கு முன்பு இதயம் நல்ல இதயமாகவே இருந்தது. 1971இல் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்த டெட்ராய்ட் அணியின் என்.எஃப்.எல். வீரர் சக் ஹியூஸுக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. ஹாம்லினின் இதயத்தில் அப்படி எந்த நோயும் இல்லை. 2023 ஏப்ரலில் தனித்தனியாகப் பார்த்த மூன்று நிபுணர்களும் ஆடலாம் என்று ஒருமித்துச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய மாதம், என்.எஃப்.எல்.உம் அமெரிக்க இதயச் சங்கமும் வேறு சில அமைப்புகளோடு சேர்ந்து, பள்ளி விளையாட்டுகளுக்கு மூன்று கோரிக்கைகளை எழுப்பின: அவசரத் திட்டம், பயிற்சியாளர்களுக்கு சி.பி.ஆர். பயிற்சி, மூன்று நிமிடத்துக்குள் எட்டும் தூரத்தில் தானியங்கி டிஃபிப்ரிலேட்டர். ஹாம்லினும் ஊர் ஊராகப் போய் சி.பி.ஆர். கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஜூலையில் பில்ஸ் மருத்துவக் குழுவுக்கு விருது வழங்க மேடை ஏறியபோது அவரால் அழுகையை அடக்க முடியவில்லை.

2024 செப்டம்பர் 23. மறுபடி ஒரு திங்கட்கிழமை இரவு, இந்த முறை சொந்த மைதானம். ஜாக்சன்வில் அணி எறிந்த பந்தை ஹாம்லின் இடைமறித்துப் பிடித்தார். என்.எஃப்.எல்.இல் அவர் அப்படிப் பிடித்த முதல் பந்து அது.