ஸ்டைல்: எழுத்தாணியிலிருந்து வந்த சொல்

வேர்டு மென்பொருளின் மேற்பட்டையில் ‘ஸ்டைல்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. ஹெடிங் 1, ஹெடிங் 2, நார்மல் என்று வரிசையாக இருக்கும். நம்மில் பலர் அதைத் தொடுவதே இல்லை. தலைப்பு வேண்டுமென்றால் எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குத் தள்ளிவிடுவோம். கண்ணால் படிப்பவருக்கு அது போதும். விரலால் படிப்பவருக்கு?

தக்கலைப் பக்கம் ஒரு டிடிபி கடையில் அடித்து வாங்கிய பாடக்குறிப்பை, பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்காகப் பிரெயிலில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புடைத்த புள்ளி எழுத்தில், அச்சிட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் கேட்டார்: “அண்ணே, மூணாம் பாடம் எங்க கெடக்கு?” தலைப்புகள் எல்லாம் சாதாரண வரிகளாக மாறி, முந்தைய பத்திகளோடு கலந்து கிடந்தன. ஒவ்வொரு தாளாக விரலால் தடவித் தேடியிருக்கிறார். கோப்பைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பியது என் தவறு. அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது.

பிரெயிலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று அளவு மாறாது. வரியில் ஓர் எழுத்துக்கான இடம் ஒரு கட்டம். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள், புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர். விரல்நுனிக்குள் அடங்கவேண்டிய அளவு அது. தலைப்புக்காக அதை ஊத முடியாது. தலைப்பைக் காட்டுவது இடம்தான். வட அமெரிக்க முறையில் முதல்நிலைத் தலைப்பு வரியின் நடுவில், மேலும் கீழும் ஒரு வெற்று வரியோடு நிற்கும். அடுத்த நிலை ஐந்தாவது கட்டத்தில் தொடங்கும், அதற்கடுத்தது ஏழாவதில். சாதாரணப் பத்தி மூன்றாவது கட்டத்தில் தொடங்கி, அடுத்த வரியில் முதல் கட்டத்துக்கு வரும். டக்ஸ்பரி, பிரெயில்பிளாஸ்டர் போன்ற பிரெயில் மென்பொருள்கள் வேர்டு கோப்பிலுள்ள ஸ்டைலின் பெயரைப் பார்த்து இந்த இடங்களை அமைக்கின்றன. ‘ஹெடிங் 1’ என்ற பெயர் இருந்தால் அது தலைப்பு. எழுத்தை 20 பாயிண்ட் அளவுக்குப் பெரிதாக்கினாலும் பெயர் ‘நார்மல்’ என்றிருந்தால் அது வெறும் பத்தி.

இனி சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘ஸ்டிலுஸ்’ என்றால் மெழுகுப் பலகையில் எழுதும் கூர்முனைக் கருவி. ஒரு முனை கீறும், தட்டையான மறுமுனை மெழுகைச் சமப்படுத்தி எழுதியதை அழிக்கும். கருவியின் பெயர் நாளடைவில் எழுதும் விதத்துக்கு ஆகி, பிறகு உடுக்கும் விதம், நடக்கும் விதம் எல்லாவற்றுக்கும் பரவியது. பிரெயில் எழுதுபவர்கள் கையில் பிடிக்கும் ‘ஸ்டைலஸ்’ அதே வேரிலிருந்து வந்தது. அதை வைத்துத் தாளின் பின்பக்கத்தில், வலமிருந்து இடமாகக் குத்துவார்கள். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். 1809-இல் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் விளையாடும்போது கூரான கருவியொன்று கண்ணில் குத்தியதால்தான் பார்வையை இழந்தார். அதையொத்த ஒரு முனையால் எழுதும் முறையை 1829-இல் நூலாக வெளியிட்டார்.

பனை நிற்கும் குமரி மாவட்டத்தில் ஸ்டைலஸுக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை: எழுத்தாணி. ஓலையில் கீறியதும் அதுதான். ஓலை கிழியுமென்று புள்ளி வைக்காமலே எழுதினார்கள் நம் முன்னோர். பிரெயிலிலோ எழுத்தே புள்ளிகள்தான்.

ஆனால் வேர்டிலுள்ள ஸ்டைலுக்கு என்ன சொல்வது? ‘நடை’ என்றால் உரைநடை நினைவுக்கு வரும். பலரும் சொல்லும் ‘பாணி’யில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாடகர் பாணி, நடிகர் பாணி என்று பழகிய காதுக்கு அது தோற்றத்தையே சொல்கிறது. அலங்காரம்தானே, வேண்டுமானால் செய்யலாம் என்று தோன்றிவிடும். அந்த மாணவரின் தாளில் தலைப்பு தொலைந்தது அந்த எண்ணத்தால்தான்.

ஓலைச்சுவடியிலும் பகுதியைக் காட்டப் பெரிய எழுத்து, தடித்த எழுத்து என்றெல்லாம் நாம் இன்று செய்வதுபோல் செய்ததில்லை. ஆனாலும் தொல்காப்பியம் ஒரு நூலைச் சூத்திரம், ஓத்து, படலம், பிண்டம் என்று பெயரிட்டுப் பிரிக்கிறது. தோற்றம் இல்லாத இடத்தில் பெயர் வேலை செய்கிறது. இதை வைத்து ஸ்டைலை ‘உறுப்பு’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். கை, கால் என்று வேறுபக்கம் இழுக்கிறது. ‘பத்திவகை’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தப் பத்தி என்ன வகை? தலைப்பா, பாட்டா, பட்டியலா? கடைக்காரரிடம் அப்படிக் கேட்டாலே வேலை புரிந்துவிடும். ஒரு சொல்லை மட்டும் தனித்துக் காட்டும் ஸ்டைலும் உண்டு. அதைச் ‘சொல்வகை’ என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்தப் பாடக்குறிப்பைத் திறந்து தலைப்பு வரி ஒவ்வொன்றிலும் ஸ்பேஸை அழித்தேன். வரியில் நின்று கண்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஹெடிங் 1 ஆகிவிடும். மறுபடி அச்சிட்டுக் கொடுத்ததும் மாணவர் தாள்களின் நடுவே விரலை ஓட்டி, வெற்று வரி வந்த இடத்தில் நிறுத்தி, “கிட்டிடுச்சு” என்றார்.