ஸ்நார்கெல் குழாய் ஏன் ஒரு முழத்தைத் தாண்டுவதில்லை?

தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறினால் ஆளுக்கொரு மாஸ்க்கும் முகத்தை நீருக்குள் வைத்தபடியே மூச்சுவிட உதவும் வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றும் கையில் கொடுப்பார்கள். அதுதான் ஸ்நார்கெல். குழாயின் நீளம் ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு. முதன்முதலில் அதைப் பார்த்தபோது செய்தவரின் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். இரண்டு மீட்டர் நீளத்துக்குச் செய்தால் பவளப்பாறையின் பக்கத்திலேயே கிடந்து மூச்சுவிடலாமே! கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு அந்த ஆசை அடங்கிவிட்டது.

நீருக்குள் ஒரு மீட்டர் இறங்கினால் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் கூடுதலாகச் சுமார் 100 கிராம் எடை அழுத்துகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுக்கு, அது 10 கிலோ. மார்பின் மீது எத்தனை உள்ளங்கைகளைப் பரப்பலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்குகிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. நுரையீரலில் அடைபட்ட காற்றும் கூடவே சுருங்கி, வெளியழுத்தத்துக்கு ஈடுகொடுத்துவிடும். சிக்கலெல்லாம் குழாய் வைத்திருப்பவருக்குத்தான். குழாயின் மேல்முனை திறந்திருப்பதால் நுரையீரலுக்குள் இருப்பது கடல்மட்டத்துக் காற்றழுத்தம். மார்புக்கு வெளியே அதோடு ஒரு மீட்டர் நீரின் சுமையும் சேர்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் மார்புத் தசைகள் அந்தச் சுமையைத் தூக்கியாக வேண்டும். ஒரு மீட்டரிலேயே அவற்றின் பலம் ஏறக்குறைய தீர்ந்துவிடும். இரண்டு மீட்டரில் எவ்வளவு இழுத்தாலும் காற்று வராது. காற்று உருளையைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபா வீரர் ஆழத்தில் இயல்பாகச் சுவாசிப்பதன் ரகசியமும் இதுதான்: அவர் வாயிலுள்ள கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது.

இந்த விதியை மீறும் விலங்கு ஒன்று உண்டு: யானை. தும்பிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டியபடி அது நீந்தும்போது நுரையீரல் ஏறத்தாழ 2 மீட்டர் ஆழத்தில் இருக்கும். பிற பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே திரவம் கசிந்த மெல்லிய இடைவெளி உண்டு. இவ்வளவு அழுத்த வேறுபாட்டில் அங்குள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் தாங்காது. யானைக்கோ அந்த இடைவெளியே கிடையாது. உறுதியான இணைப்புத்திசு அதை நிரப்பிவிட்டது. தும்பிக்கையால் மூச்சுவிட்டு நீந்துவதற்கான ஏற்பாடு இது என்பது உடலியலாளர் ஜான் வெஸ்டின் வாதம்.

குழாய் குட்டையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் வெளியே விடும் மூச்சின் கடைசிப் பகுதி, சுமார் 150 மில்லிலிட்டர், தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே தங்கி, அடுத்த மூச்சில் முதல் ஆளாக உள்ளே திரும்புகிறது. 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டர் நீண்டால் அந்தப் பழைய காற்றோடு இன்னும் 314 மில்லிலிட்டர் சேரும். ஓய்வில் நாம் இழுக்கும் மூச்சே அரை லிட்டர்தான்! ஆகவே நீண்ட குழாயில் மேலோட்டமாக மூச்சுவிட்டால், விட்ட காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்போம். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். குட்டைக் குழாயிலும்கூட நிதானமாக, ஆழமாக மூச்சுவிடச் சொல்வது இதனால்தான்.

மாஸ்க்கின் வேலை வேறு. வெறும் கண்ணோடு நீருக்குள் பார்த்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிவதற்கு உப்பு காரணம் இல்லை. ஒளியைக் குவிக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது கண்ணின் முன்புறமுள்ள கார்னியா. காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும் ஒளி நன்றாக வளைகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கார்னியாவுடையது சுமார் 1.38. வித்தியாசம் இவ்வளவு குறைந்துவிட்டால் வளைவதற்கு என்ன இருக்கிறது? மாஸ்க், கண்ணுக்கு முன்னால் ஒரு கைப்பிடிக் காற்றை நிறுத்திவைத்து, இழந்த வேலையைக் கார்னியாவுக்குத் திருப்பித் தருகிறது. கூடவே ஒரு குறும்பும் செய்கிறது: நான்கு மீட்டர் தூரத்திலுள்ள மீன் மூன்று மீட்டரில் இருப்பதுபோல், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கரைக்கு வந்தபின் மீனின் அளவைக் கைவிரித்துக் காட்டுகிறவர்களை முழுப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது.

மீனுக்கு மாஸ்க் எதற்கு? அதன் கண்ணில் லென்ஸ் முழு உருண்டை. குவிக்கும் வேலை முழுவதையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. அந்தமான் கடலில் வாழும் மோக்கென் இனக் குழந்தைகள் கிளிஞ்சல் பொறுக்க வெறும் கண்ணோடு மூழ்குபவர்கள். கண்பாவையை மிகச் சிறிதாகச் சுருக்கி, லென்ஸையும் வலிந்து குவித்து, ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரு மடங்கு நுட்பமாக அவர்கள் பார்ப்பதை 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

காதுக்கும் நீருக்குள் குழப்பம்தான். ஒலி காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகிறது, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். ஓர் ஓசை இரு காதுகளையும் எட்டும் நேர இடைவெளியை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது. அந்த இடைவெளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுவதால், படகு எஞ்சின் எல்லாப் பக்கமும் ஓடுவதுபோல் கேட்கும். நீருக்குள் தலையை விட்டபடி படகின் திசையை ஊகிக்க வேண்டாம். தலையைத் தூக்கிக் கண்ணால் பாருங்கள்.

எஞ்சின் ஓய்ந்ததும் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் விடாத சடசடப்பு ஒன்று கேட்கும். சொடுக்கும் இறால்களின் வேலை அது. விரல் நீளமே உள்ள இந்த இறால் தன் பெரிய கொடுக்கைப் படீரென்று மூடும்போது நீர் பீறிட்டுப் பாய்ந்து, அதன் வழியில் அழுத்தம் விழுந்து ஒரு குமிழி பிறக்கிறது. சத்தம் கொடுக்குகள் மோதுவதால் வருவதாகவே வெகுகாலம் நம்பினார்கள். 2000ஆம் ஆண்டில் அதிவேகக் கேமராவில் பார்த்தபோதுதான், குமிழி நொறுங்கும் கணத்தில் ஒலி எழுவது தெரிந்தது. அதே கணத்தில் மிக மங்கிய ஒளியும் மின்னுகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

அரை நாள் நீரிலேயே கிடந்தும் தாகம் எடுப்பது ஏன்? நீரின் அழுத்தம் கால்களிலுள்ள இரத்தத்தை மார்பை நோக்கித் தள்ளுகிறது. உடலில் திரவம் மிகுந்துவிட்டதாகத் தப்பாகப் புரிந்துகொண்டு, சிறுநீரகம் அதிகமாக வெளியேற்றுகிறது. கடல்நீரைக் குடித்து ஈடுகட்டவும் வழியில்லை; அந்த உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீரை உடல் இழக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் மூச்சுக்காக மேலே வந்துபோகும் கடலாமைக்கு இந்தக் கவலை இல்லை. அதன் கண்களுக்குப் பின்னால் உள்ள சுரப்பிகள், கடலைவிட உப்பான கண்ணீராக அதை வடித்துவிடும். நமக்குப் படகில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டில்தான்.