அவரேகாய் என்றால் அவரைக்காய் இல்லை

பெங்களூருக்கு வந்த முதல் மார்கழியில், தள்ளுவண்டிக்காரர் "அவரேகாய்" என்று கூவியதும், ஆகா நம்ம அவரைக்காய் என்று அரைக்கிலோ வாங்கி நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தேன். வாய் வலித்ததுதான் மிச்சம், தோல் முழுக்க நார். பக்கத்து வீட்டு அம்மா சிரித்துவிட்டு, இதில் உள்ளே இருக்கிற கொட்டையைத்தான் தின்ன வேண்டும் என்றார்.

அவரை, அவரே இரண்டுக்கும் திராவிட வேர் ஒன்றுதான். செடியும் ஒரே இனம், தாவரவியலில் லேப்லாப் பர்ப்யூரியஸ். சங்கப் பாட்டிலேயே பனிக்காலத்தில் அவரை பூக்கிறது. ஆனால் நாம் தோலோடு சமைப்பதற்கு அவரை என்றும், கொட்டைக்காக வளர்ப்பதற்கு மொச்சை என்றும் பெயரைப் பிரித்துக்கொண்டோம். கன்னடத்தில் கொட்டை வகையே வெறும் அவரே ஆகிவிட்டது, நம் பொரியல் அவரைக்கு இங்கே சப்பரதவரே, அதாவது பந்தலில் படர்கிற அவரை. ஆக, அவரேகாளு என்று எழுதியிருந்தால் பச்சை மொச்சை என்று படித்துக்கொள்ளுங்கள். மும்பையில் இதன் ஒரு வகைதான் வால்.

எனக்குப் பிடித்த சொல் ஹிதகிதபேளே. ஊறவைத்த கொட்டையை விரலால் அழுத்தினால் தோல் கழன்று பருப்பு துள்ளி வெளியே வரும், அதுதான் பொருள். பழைய ப கன்னடத்தில் ஹ ஆகிவிடும் (பால் ஹாலு, புலி ஹுலி), அதை மனதில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், நம்ம பிதுக்கு எட்டிப் பார்க்கும். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இன்றைக்கும் பிதுக்குப் பருப்புதான். ஹிதகிதபேளேக்குத் தமிழில் புதிதாகச் சொல் எதுவும் உருவாக்க வேண்டாம்.

சத்து? காய்ந்த மொச்சை 100 கிராமில் புரதம் சுமார் 24 கிராம், நார்ச்சத்தும் தாராளம். பச்சையில் தண்ணீர் அதிகம் என்பதால் புரதம் அவ்வளவு வராது. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தை இது ஈடுகட்டும், அதனால் சோற்றோடு மொச்சைக் குழம்பு சரியான ஜோடி. காய்ந்த கொட்டையை மட்டும் இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவையுங்கள், அரைவேக்காட்டில் தின்னக் கூடாது.

காயின் மேல் இருக்கும் பிசுபிசுப்பின் வாசனைக்கு இங்கே சொகடு என்று பெயர், பெங்களூருக்கு அருகிலுள்ள மாகடிப் பக்கத்துக் காய் என்றால் அதற்கே தனி மரியாதை. ஜனவரி வாக்கில் பெங்களூரில் நடக்கும் அவரேபேளே மேளாவில் (மொச்சைப் பருப்புத் திருவிழா) இதில் ஜிலேபிகூடப் போடுகிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் நான் தேடப்போவதில்லை.