பச்சை அட்டையும் பக்கத் தையலும்

தீபாவளிக்குத் துணி எடுக்கக் கோவையில் ஒரு மாலுக்குப் போயிருந்தோம். அக்கா மகள் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து நீட்டி, "மாமா, இது சஸ்டெயினபிள், டேக்கைப் பாருங்க" என்றாள். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் செய்த துணி என்று அர்த்தம். பழுப்பு அட்டை, சணல் கயிறு, ஒரு பச்சை இலை. பதினைந்து வருடமாகத் திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை (ஆர்டர் கொடுப்பவருக்கும் தைக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற வேலை) பார்க்கிறேன், அந்தக் கயிற்றுக்கு எவ்வளவு மயக்கும் சக்தி உண்டு என்று தெரியும். உள்பக்கம் திருப்பி வாஷ்கேர் லேபிளைக் காட்டினேன்: மறுசுழற்சி பாலியஸ்டர் 20 சதவீதம், பாக்கி 80 சதவீதம் சாதா பாலியஸ்டர்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அரை நிமிடத்தில் முடிவெடுக்கிறவர் கண்ணில் படுவது நிறமும் ஒரு வார்த்தையும்தான். அந்த வார்த்தை எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு நெதர்லாந்தே சாட்சி: 'கான்ஷியஸ்', 'ஈகோடிசைன்' என்றெல்லாம் போடுகிறீர்களே, விளக்கம் எங்கே என்று அங்குள்ள நுகர்வோர் ஆணையம் கேட்க, 2022-ல் எச் அண்ட் எம் என்ற ஆடை நிறுவனமும் டெக்கத்லான் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனமும் அந்தச் சொற்களைத் திருத்தவோ நிறுத்தவோ ஒப்புக்கொண்டன. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில் இதற்கு வழிகாட்டு விதிகள் வந்துவிட்டன. கடைக்குள் அது தெரிய நாளாகும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. விலையைக் குறை என்று பையர், அதாவது ஆர்டர் கொடுப்பவர், நெருக்கினால் முதலில் கை வைப்பது துணியின் ஜிஎஸ்எம்மில்தான் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு). 180 இருந்தது 150 ஆகும், குட்டை இழைகளைச் சீவி நீக்கிய கோம்டு நூல், அப்படிச் சீவாத மலிவான கார்டட் ஆகும். நாலு முறை துவைத்தால் துணி முறுக்கிக்கொண்டு பக்கத் தையல் தொப்புள் பக்கம் வந்து நிற்கும். ஆறு மாதத்தில் தரை துடைக்கப் போகிற சட்டையில் என்ன பசுமை?

இன்னொரு பக்கம், நிஜமாகச் செய்த வேலை எந்த அட்டையிலும் வருவதில்லை. நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடியதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கப்புறம் தண்ணீரை ஆர்ஓவில் சுத்தம் செய்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக எடுத்து, வெளியே விடாமல் ஓட்டினால்தான் திறக்கலாம் என்றானது. அந்தச் செலவைச் சொன்னால் விலை பேசும்போது பையர் காதிலேயே வாங்கமாட்டார்.

"அப்ப எதைப் பார்த்து வாங்கறது?" என்றாள். சதவீதத்தைப் படி, ஆர்கானிக் என்றால் காட்ஸ் (GOTS, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்று) முத்திரையும் உரிம எண்ணும் இருக்கிறதா பார், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளங்கை தெரிகிறதா பார் என்றேன். பிடித்துப் பார்த்தாள், தெரிந்தது. 399 ரூபாய்தானே என்று பில் போட்டுவிட்டாள்.