பந்து வரும் முன்னே கை போக வேண்டும்

இரண்டாம் வகுப்புப் படிக்கும் தன் மகளைப் பற்றி வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பந்தைப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுகிறாளாம். பி.டி. பீரியடில் அவளை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்களாம். "இவளுக்கு விளையாட்டு வராது" என்று வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு, அவள் இடது கையை நீட்டினால் பாட்டி அதட்டுகிறார். இதெல்லாம் சரியா என்பது அவர் கேள்வி.

ஓடுவது, தாவுவது, நொண்டியடிப்பது, எறிவது, பிடிப்பது, உதைப்பது, ஒற்றைக் காலில் நிற்பது இவற்றை அடிப்படை இயக்கத் திறன்கள் என்கிறார்கள். ஏறக்குறைய 3 வயது முதல் 10 வயது வரை இவை உருவாகும் காலம். நடை எல்லாப் பிள்ளைக்கும் எப்படியோ வந்துவிடும். பந்து பிடிப்பது அப்படி வராது. யாராவது எறிந்தால்தான் பிடிக்கப் பழக முடியும்.

நான்கு மீட்டர் தள்ளி நின்று, விநாடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் பந்தைப் போடுகிறோம் என்று வையுங்கள். முக்கால் விநாடிக்குள் பந்து வந்துவிடும். கண்ணில் பட்டது மூளைக்குப் போய், மூளை யோசித்து, கைத்தசைக்கு உத்தரவு வர, பெரியவர்களுக்கே சுமார் 0.2 விநாடி ஆகிறது. குழந்தைகளுக்கு இன்னும் கூடும். அந்த 0.2 விநாடிக்குள் பந்து ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆக, பந்து தெரிகிற இடத்துக்குக் கையைக் கொண்டுபோனால் பந்து அங்கே இருக்காது. அது வரப்போகிற இடத்துக்குக் கை முன்கூட்டியே போக வேண்டும். பந்து உள்ளங்கையைத் தொடும் முன்பே விரல்களும் மடங்கத் தொடங்க வேண்டும். தொட்ட பிறகு மடக்கலாம் என்றிருந்தால் பந்து தெறித்துவிடும்.

இந்த முன்கணிப்பு எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதை 1998இல் நியூரோலாப் என்ற விண்வெளிப் பயணத்தில் சோதித்தார்கள். எடையற்ற நிலையில், மேலிருந்து மாறாத வேகத்தில் வரும் பந்தை விண்வெளி வீரர்கள் பிடிக்க வேண்டும். அவர்கள் கைத்தசைகள் முந்திக்கொண்டன. பூமியில் நடப்பதைப் போல வேகம் கூடிக்கொண்டே வரும் என்று மூளை எதிர்பார்த்ததுதான் காரணம். பந்து சீராக வருவதைக் கண்ணாரப் பார்த்தும் அந்த எதிர்பார்ப்பு லேசில் மாறவில்லை.

இந்தக் கணக்கில் பெரும்பங்கு சிறுமூளையுடையது. பிடரிக்கு மேலே, மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு எடைதான் அதற்கு. ஆனால் மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் 1837இல் செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்ஜி விவரித்த ஒரு வகை செல் உண்டு. அவர் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு புர்க்கின்ஜி செல்லுக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய இழைகள் வழியாகச் செய்தி வருகிறது: தோள் எவ்வளவு திரும்பியிருக்கிறது, கை எங்கே, பந்து எங்கே. இவை தவிர இன்னொரு இழையும் உண்டு. ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்று. மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, பந்தலில் கொடி படர்வதுபோல் அந்த செல்லைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. ஏறு இழை என்று சொல்லலாம்.

அந்த லட்சம் இழைகளும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, ஏறு இழை விநாடிக்கு ஒரு தடவை போலத்தான் வாய் திறக்கும். எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்றாகும்போது அதன் குரல் எழுகிறது. பந்து விரல்நுனியில் பட்டுக் கீழே விழும் அந்தக் கணம்தான் அதற்கு உரியது. அது பேசியதும், சற்று முன்பு துடித்துக்கொண்டிருந்த மெல்லிய இழைகளின் இணைப்பு மாறுகிறது. 1969இல் டேவிட் மார் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி அந்த இணைப்பு வலுப்படும் என்றார். 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், இல்லை, பலவீனமாகும் என்றார். 1982இல் ஜப்பானின் மசாவோ இட்டோ செய்துகாட்டிய சோதனை ஆல்பஸ் பக்கம் நின்றது. அதற்குப் பின் வேறு வழிகளும் தெரியவந்திருக்கின்றன. ஆனாலும் இது எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். ஏனென்றால் புர்க்கின்ஜி செல் வெளியே அனுப்பும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: "அடக்கு." அதற்கு வரும் இணைப்பு தளர்ந்தால் அந்த அடக்குமுறை தளர்கிறது, சரியான அசைவுக்கு வழி விடுகிறது. பிள்ளை ஒவ்வொரு தடவை பந்தைத் தவறவிடும்போதும் உள்ளே ஒரு திருத்தம் நடக்கிறது.

அஞ்சாங்கல் ஆடும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அரை மீட்டர் உயரம் எறிந்த கல் கைக்குத் திரும்ப 0.6 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் தரையில் கிடக்கும் நான்கு கல்லையும் வாரியாக வேண்டும். கண் தரைக்குப் போய்விடுகிறது. மேலே உள்ள கல்லை அப்போது யாரும் பார்ப்பதில்லை. ஆனாலும் கை சரியான இடத்தில் போய் ஏந்துகிறது. ஒரு கல் எடுக்கும்போது தாழ்வாகவும், நான்கு எடுக்கும்போது உயரமாகவும் எறிய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சூத்திரம் போட்டுச் சொல்லவில்லை.

அப்படி மாற்றி மாற்றிச் செய்வதில் ஒரு பலன் இருக்கிறது. கெர், பூத் என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், 8 வயதுப் பிள்ளைகள் சிறு பையை இலக்கை நோக்கி எறிந்து பழகினார்கள். ஒரு குழுவுக்கு எப்போதும் 3 அடி தூரம். இன்னொரு குழுவுக்கு 2 அடியும் 4 அடியும், 3 அடி கிடையவே கிடையாது. கடைசியில் இரு குழுவுக்கும் 3 அடியில் சோதனை. 3 அடியை எறிந்தே பார்க்காத குழுதான் துல்லியமாக எறிந்தது.

இப்போது அந்தச் சிறுமிக்கு வருவோம். முகத்தை நோக்கி வரும் பொருளுக்குக் கண் மூடுவது உடம்பின் தற்காப்பு. கனமான ரப்பர் பந்து ஒரு தடவை மூக்கில் பட்டாலே போதும், அது இன்னும் கெட்டிப்படும். கண் மூடியிருந்தால் பந்து எந்தப் பக்கம் தவறியது என்ற செய்தி சிறுமூளைக்குக் கிடைக்காது, திருத்தமும் நடக்காது. அதனால் முதலில் பலூன். காற்று தாங்கிக்கொள்வதால் மெதுவாக இறங்கும், பட்டாலும் வலிக்காது. அப்புறம் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்து. அப்புறம் டென்னிஸ் பந்து. தூரத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். "கையை இப்படி வை" என்று திருத்த வேண்டாம்.

பள்ளியில் நடப்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாற்பது பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரே பந்தைக் கொடுத்தால், 40 நிமிட வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மூன்று வாய்ப்பு கிடைத்தால் அதிகம். இருபது துணிப்பந்து இருந்தால் ஆளுக்கு நூறு தடவையாவது கிடைக்கும். அந்த வகுப்பையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரை அப்படி எதுவும் இல்லை. திறன் உருவாகும் வயதில் ஆள் இல்லை, அந்த வயது தாண்டிய பிறகு வருகிறார். அரசு பதக்கம் வாங்கியவர்களுக்குப் பரிசு கொடுக்கட்டும், நல்லது. தொடக்கப் பள்ளிகளுக்கும் ஆளும் பந்தும் கொடுக்கட்டும்.

இடது கை விஷயம். அதில் தோஷமும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. எந்தக் கை முந்தும் என்பது பிள்ளை தேர்ந்தெடுத்த பழக்கம் அல்ல. அதட்டினால், பந்தைப் பார்க்க வேண்டிய கண் பாட்டியைப் பார்க்கும். எப்படியும் இந்த வயதில் அவள் இரண்டு கையாலும்தான் பிடிக்கப் போகிறாள். ஒற்றைக் கைப் பிடி கைவர இன்னும் சில வருடம் ஆகும்.