மறைத்து எடுத்துச்செல்லும் கைத்துப்பாக்கி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

டெக்சாஸில் கைத்துப்பாக்கி உரிமத்துக்கான வகுப்புகளை நடத்திவருபவன் என்ற முறையில், முதன்முறையாகத் துப்பாக்கி வாங்க எண்ணுபவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: “சட்டைக்குள் வைத்தால் தெரியவே கூடாது, இருப்பதிலேயே சின்னதாக ஒன்று சொல்லுங்கள்.” வாங்கப்போவது மனைவிக்காக என்றால், கைப்பைக்குள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்துகொள்ளும். கடைக்காரரும் உள்ளங்கையில் அடங்கும் .380 பிஸ்டலையோ (.380 என்பது தோட்டாவின் அளவு), எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வரையோ எடுத்து நீட்டுவார். என் அனுபவத்தில், ஒரு பெட்டித் தோட்டாவுக்கு மேல் சுடப்படாமல் அலமாரிக்குள் முடங்கிப்போகும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைகளைச் சேர்ந்தவையே. அளவில் சிறிய துப்பாக்கி, சுடுவதற்கு மிகக் கடினமான துப்பாக்கி என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அதை விளக்கும் முன், அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலர் அறியாத சட்டச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது உள்ளிட்ட சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பருடன் துப்பாக்கி சுடும் களத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இந்தத் தடைக்குள் வரும். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்; நாட்டைவிட்டு வெளியேற்றப்படவும் நேரலாம். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், வேறு தடை ஏதும் இல்லாத, 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை எடுத்துச்செல்லலாம் என்றாகிவிட்டது. ஆனால் அது மாநிலச் சட்டம். கூட்டாட்சித் தடையை அது நீக்கிவிடாது. விசா நிலை பற்றிச் சிறிதளவு ஐயம் இருந்தாலும், கடைக்குப் போகும் முன் வழக்கறிஞரிடம் போவதே முறை.

இனி துப்பாக்கிக்கு வருவோம். நடுத்தர அளவுக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் காட்டும் கிளாக் 19 பிஸ்டல், 1988-இல் வந்தது; குழல் ஏறத்தாழ 4 அங்குலம், காலி மேகசினுடன் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) எடை ஏறத்தாழ 670 கிராம், மேகசினில் 15 தோட்டாக்கள். 2018-இல் வந்த, சிக் நிறுவனத்தின் பி365, ஏறத்தாழ 500 கிராம் எடையில், 3.1 அங்குலக் குழலுடன், 10 தோட்டாக்கள் கொள்ளும்படி அமைந்து, சிறிய பிஸ்டல் சந்தையின் போக்கையே மாற்றியது. ரூகர் நிறுவனத்தின் எல்சிபி என்ற குட்டி .380 பிஸ்டல் 2008-இல் வந்தபோது அதன் எடை ஏறத்தாழ 270 கிராம்தான். இந்த எடைகளைப் பார்ப்பவர்களுக்கு, இலேசானது எளியது என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் ஒன்றின் எடை மற்றதில் பாதி என்றால், அந்த இலேசான துப்பாக்கி கையை உதைக்கும் ஆற்றல் ஏறத்தாழ இரட்டிப்பாகும். கைப்பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்குப் பிடிக்க இடமில்லாமல் அது கீழே தொங்கும். இலக்கைப் பார்க்கத் துப்பாக்கியின் மேல் வைத்திருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலுள்ள தொலைவு குறைவதால், குறி பார்ப்பதில் நேரும் நூலளவு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். எடை குறைந்த ரிவால்வரில் இவற்றோடு ட்ரிகரின் கனமும் சேர்கிறது; கிளாக் வகையில் ஐந்தரைப் பவுண்டு அளவில் இருக்கும் அந்த இழுவிசை, குட்டி ரிவால்வரில் பன்னிரண்டு பவுண்டை ஒட்டி இருக்கும். துப்பாக்கியின் எடையே ஒரு பவுண்டுக்குக் குறைவாக இருக்க, அதன் ட்ரிகரை இழுக்கப் பன்னிரண்டு மடங்கு விசை செலுத்த வேண்டும். இழுக்கும்போதே குழல் அசைந்துவிடாமல் இருப்பதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். தேர்ந்த கைகளுக்கு அது நல்ல கருவி. புதியவருக்குப் பரிசாகக் கொடுக்கத் தக்கதன்று.

நம்பகமான துப்பாக்கி என்பதற்கு இரண்டு பாதிகள் உண்டு: ட்ரிகரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது சுட வேண்டும், இழுக்காத எந்த நேரத்திலும் சுடக் கூடாது. விளம்பரங்களும் நண்பர்களும் முதல் பாதியைப் பற்றி மட்டுமே பேசுவார்கள்.

முதல் பாதியை எடுத்துக்கொண்டால், பிஸ்டலில் ஒரு தோட்டா வெடித்ததும், மேற்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு பின்னோக்கி ஓடுகிறது, காலிக் கூட்டை வெளியே எறிகிறது, பிறகு மேகசினின் தலைப்பில் காத்திருக்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து மூடிக்கொள்கிறது. துப்பாக்கி சிறுத்தால் ஸ்லைடின் எடையும் அது ஓடும் தூரமும் குறையும். அதை அடக்க ஸ்பிரிங் கடினமாக வேண்டும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். பெரிய துப்பாக்கி பொறுத்துக்கொள்ளும் சிறு குறைகளை, அதாவது கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் வலுக் குறைந்த தோட்டா, கொஞ்சம் தளர்ந்த பிடி ஆகியவற்றை, இந்தக் குட்டிகள் பொறுத்துக்கொள்வதில்லை.

பிடி என்று சொன்னதை விளக்க வேண்டும். என் வகுப்புக்கு வந்த ஒரு பெண்மணியின் புதிய .380 பிஸ்டல், மூன்று நான்கு தோட்டாக்களுக்கு ஒரு முறை நின்றுபோனது. ஒவ்வொரு முறையும் காலிக் கூடு முழுவதுமாக வெளியேறாமல், ஸ்லைடின் திறப்பில் அடுப்புப் புகைபோக்கிபோல் நிமிர்ந்து நின்றது. துப்பாக்கியில்தான் கோளாறு என்று அவர் கணவர் உறுதியாகச் சொன்னார். அதே துப்பாக்கியை, அதே மேகசினோடு, அதே பெட்டித் தோட்டாக்களோடு நான் வாங்கிச் சுட்டபோது ஒரு முறைகூட நிற்கவில்லை. அவர் மணிக்கட்டு உதையோடு சேர்ந்து பின்னால் வளைந்துகொண்டிருந்தது. ஸ்லைடு ஓடுவதற்குத் துப்பாக்கியின் உடல் அசையாமல் நிற்க வேண்டும், அந்த ஆதரவு அங்கே இல்லை. பிடியைத் திருத்தியதும் நிலைமை தேறியது. ஆனாலும் சற்றுப் பெரிய 9 மில்லிமீட்டர் பிஸ்டலை அவர் கையில் கொடுத்தபோது, திருத்தம் ஏதும் தேவைப்படாமலே அது ஓடியது. காயம்பட்ட கையால், ஒற்றைக் கையால், பதற்றத்தில் சுட நேர்ந்தால் பிடி தளரத்தான் செய்யும் என்பதால், எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அவர் கேட்டதற்கு நான் தயங்காமல் பெரியதையே காட்டினேன்.

ஆகவே துப்பாக்கி, மேகசின், தோட்டா, கை ஆகிய நான்கும் சேர்ந்துதான் நம்பகம். இணையத்தில் ஒருவர் ஐயாயிரம் தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுக்காட்டியது அவருடைய நான்கைப் பற்றிய சான்று மட்டுமே. பல களங்களில் துப்பாக்கியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். வாங்கும் முன் இரண்டு மூன்று வகைகளைச் சுட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு, சாதாரணப் பயிற்சித் தோட்டாக்களில் குறைந்தது இருநூறும், நீங்கள் உண்மையில் இடுப்பில் வைத்திருக்கப்போகும் குழிமுனைத் தோட்டாக்களில் (முனையில் குழியோடு, பட்டதும் விரியும்படி செய்தவை) குறைந்தது இரண்டு பெட்டியும் தடங்கலின்றி ஓடும்வரை அதை நம்பாதீர்கள். குழிமுனைத் தோட்டாவின் மூக்கு வடிவம் வேறு என்பதால், பயிற்சித் தோட்டாவை விழுங்கும் பிஸ்டல் அதை விழுங்காமல் போகலாம். மேகசின்களுக்கு அடியில் எண் எழுதி வையுங்கள். தடங்கல் வந்தால் எந்த எண்ணில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் பழி துப்பாக்கியின்மீது விழுந்தாலும், குற்றவாளி இரண்டாம் எண் மேகசினாகவே இருக்கும்.

எந்த அளவுத் தோட்டா என்ற வாதம் ஒருபோதும் ஓயாது. எனக்கு அதில் ஆர்வம் குறைவு. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்களை இழந்த எஃப்பிஐ, அதன் பிறகு பெரிய தோட்டாக்களுக்குப் போய், 2010-களின் நடுப்பகுதியில் மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. உடலின் தசைக்குப் பதிலாகச் சோதனையில் பயன்படுத்தும் ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் வரை தோட்டா ஊடுருவ வேண்டும் என்ற அவர்களது அளவுகோலை இன்றைய நல்ல 9 மில்லிமீட்டர் தோட்டாக்கள் எட்டுகின்றன; .380 குழிமுனைத் தோட்டாக்கள் விரிந்த பிறகு பல நேரங்களில் எட்டுவதில்லை. விலையும் கிடைக்கும் தன்மையும் 9 மில்லிமீட்டர் பக்கமே. ஸ்லைடை இழுக்கக் கைவலு போதாது என்பவர்கள்கூட, துப்பாக்கியைப் பிடித்த கையை முன்னால் தள்ளி மற்றக் கையைப் பின்னால் இழுக்கும் முறையைக் கற்றுக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறார்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கென்றே இலேசாக இழுபடும் ஸ்லைடு கொண்ட வகைகளும் இப்போது உண்டு.

இரண்டாவது பாதி, சுடக் கூடாதபோது சுடாமலிருப்பது. கீழே விழுந்தால் வெடிக்கும் வாய்ப்பு உண்டு என்பதால் எல்சிபியின் தொடக்ககால உருப்படிகளை ரூகர் நிறுவனம் 2008-இலேயே திரும்பப் பெற்றுத் திருத்தியது. அதே வகையான ஐயத்தால் 2017-இல் பி320 பிஸ்டலுக்கு சிக் நிறுவனம் இலவச மேம்பாட்டை அறிவித்தது. குறிப்பிட்ட காலத்தில் செய்யப்பட்ட ஷீல்டு ஈஇசட் பிஸ்டல்களின் ஹேமரில் (உள்ளே அடிக்கும் சுத்தியல்) இருந்த குறைக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2020-இல் திரும்பப் பெறுதலை அறிவித்தது. பெயர்பெற்ற நிறுவனங்களுக்கே இது நேர்கிறது என்பதால், சந்தைக்கு வந்த முதல் ஆண்டிலேயே எந்த மாடலையும் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதுண்டு. பழையதை வாங்குபவர்கள், வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கொடுத்து, திரும்பப் பெறுதல் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆனால் தற்செயலாகச் சுட்டுவிட்டதாக நான் கேள்விப்படுபவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இயந்திரக் கோளாறு அன்று; ட்ரிகரைத் தொடக் கூடாத ஏதோ ஒன்று தொட்டிருக்கிறது. சட்டை நுனி, ஜாக்கெட்டின் கயிற்று முடிச்சு, துவண்டுபோன தோல் உறையின் மடிப்பு ஆகியவையும் அந்த வேலையைச் செய்துவிடும். எனவே உறைக்கு ஒதுக்கும் பணத்தைக் குறைத்துத் துப்பாக்கிக்குக் கூட்ட வேண்டாம். ட்ரிகர் வளையத்தை முழுவதும் மூடுவதாக, துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் சுருங்காததாக, அந்த மாடலுக்கென்றே வார்க்கப்பட்ட கைடெக்ஸ் (கெட்டியான பிளாஸ்டிக்) உறையும், வளையாத தடித்த பெல்ட்டும் இருந்தால், கிளாக் 19 அளவுள்ள பிஸ்டலைக்கூடச் சாதாரணச் சட்டைக்குள் மறைக்க முடியும். பலர் மிகச் சிறியதைத் தேடி அலைவதற்குக் காரணம் மெல்லிய பெல்ட்டே. தனியாகச் சேஃப்டி பொத்தான் உள்ளது வேண்டுமா என்ற கேள்விக்கு, உருவும்போதெல்லாம் அதை விடுவித்துப் பழகுவீர்கள் என்றால் இருக்கட்டும், பழகமாட்டீர்கள் என்றால் வேண்டாம் என்பதே என் பதில்.

கைப்பை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டனில், ஒரு வால்மார்ட் கடையில், துப்பாக்கிக்கென்றே தனி அறை தைத்த கைப்பையிலிருந்து இரண்டு வயதுக் குழந்தை துப்பாக்கியை எடுத்துவிட, அது வெடித்துத் தாய் அங்கேயே உயிரிழந்தார். அவர் உரிமம் பெற்றவர். கைப்பையைக் கழற்றி வைக்கிறோம், மாட்டுகிறோம், மறக்கிறோம், பிள்ளைகள் சூயிங்கம் தேடி அதைத் துழாவுகிறார்கள். அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 2023-இல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் ஏறத்தாழ 93 சதவீதம் தோட்டா நிரப்பப்பட்டவை. துப்பாக்கி உடலில் இருக்க வேண்டும். உடலில் இல்லாத நேரத்தில் பூட்டுக்குள் இருக்க வேண்டும். அலட்சியமாக விடப்பட்ட, தோட்டா நிரப்பிய துப்பாக்கி 17 வயது நிறையாத பிள்ளையின் கையில் சிக்கினால், அப்படி விட்டது டெக்சாஸில் குற்றம்.

எடுத்துச்செல்லும் துப்பாக்கியில் கவனிக்கப்படாமலே போகும் செய்தி ஒன்று மிச்சமிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு, காலையில் அதே தோட்டாவை மீண்டும் குழலறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஏற்றுவது பலருடைய வழக்கம். ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு சரிவுப் பாதையில் இடிபடுவதால், குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமிழ்கிறது. உள்ளிடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் கூடுகிறது. அப்படிப் பலமுறை ஏற்றப்பட்ட தோட்டாவைப் புதிய தோட்டாவின் பக்கத்தில் மேசைமீது நிறுத்தி வைத்தாலே, அது குட்டையாகியிருப்பது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் அதைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிடுங்கள். ஹூஸ்டன் போன்ற ஊர்களின் கோடையில் வியர்வையால் ஸ்லைடில் துருவும், துணியிலிருந்து குழலுக்குள் பஞ்சும் சேரும் என்பதால், வாரம் ஒருமுறை துடைத்து, சில சொட்டு எண்ணெய் இட வேண்டும். சிறிய பிஸ்டல்களின் முதன்மை ஸ்பிரிங் பெரியவற்றைவிட விரைவில் தளரும். எத்தனை தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அந்தந்தக் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும், ஸ்பிரிங்கின் விலையும் ஒரு பெட்டித் தோட்டாவின் விலையை ஒட்டித்தான் இருக்கும்.